இடது காதுக்கு மட்டும்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே சர்க்கரையும் நானும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு போகிறோம். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைத்தீர்களா? மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும், நழுவக் கூடாது.

இத்துடன் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. உள்ளே காதுக்கருவி. உடனே பேனாவை எடுத்துக்கொண்டு திட்ட உட்காராதீர்கள். கடையில் தள்ளுபடி போட்டிருந்தார்கள், வாங்கிவிட்டேன். முதலில் இடது காதில் மட்டும் போட்டுப் பழக வேண்டுமாம், அதனால் ஒன்றுதான் அனுப்புகிறேன். பாட்டரி அட்டையும் கூடவே இருக்கிறது.

போன மாதம் நடந்ததைக் கீழ்க்கடைத் தையல்காரர் ஃபோனில் சொல்லிவிட்டார். அவர் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, பூட்டை உடைக்க ஆள் தேடப் போனாராமே. நீங்கள் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்களாம். பாட்டில் ஆலையில் நின்று நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்ததும் போதாதென்று, "கேக்காததால எனக்கு என்ன நஷ்டம்"னு ஒரு வீறாப்பு வேறு. சின்ன வயதில் உங்களைத் தகரப் பூனை என்று திட்டுவேனே, அந்தத் தகரப் பூனை இன்னும் இடத்தை விட்டு நகரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கையெழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது? வரிகள் மலையேறுகின்றன.

நான் நன்றாக இருக்கிறேன். மாலையில் நடக்கப் போகிறேன்.

வாயாடித் தங்கை

---

ஜனவரி 24

அன்புள்ள வாயாடிக்கு,

பிரஷர் மாத்திரை உள்ளே போகிறது, உப்பு வெளியே நிற்கிறது, கைப்பிடியை விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். உன் சர்க்கரை எவ்வளவு என்று நீ எழுதவில்லை. கையெழுத்தைப் பற்றிக் கேட்டாய். மேசைக்கால் ஆடுகிறது, வேறொன்றும் இல்லை.

கருவி வந்தது. திட்ட வேண்டாம் என்றதால் திட்டவில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்க மல்லுக்கட்டி நானே பாட்டரியைப் போட்டேன். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லேபிள், வால் வேறு நீட்டிக்கொண்டிருந்தது. லேபிள் கிழிந்த சரக்கு ஆலை வாசலைத் தாண்டக் கூடாது என்று முப்பது வருஷம் மற்றவர்களை விரட்டியவன் நான். வாலை மட்டும் மடித்து, லேபிளுக்குச் சேதமில்லாமல் உள்ளே வைத்து மூடினேன்.

காதில் போட்டுக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்தேன். தெருவில் பஸ் போகிறது, சத்தமில்லை. தையல்காரர் வாயசைக்கிறார், சத்தமில்லை. சரி, வாயாடி ஏமாந்துவிட்டாள் என்று கழற்றப் போன நேரத்தில் ஏதோ கேட்டது.

எத்தனை வருஷமாயிற்று ஒரு சத்தம் கேட்டு! எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது. அப்புறம் ஒரு கதவு, திறக்கும்போது ஒரு குரலில் முனகுகிறது, மூடும்போது வேறு குரலில் முனகுகிறது. குக்கர் விசில் ஒன்று, முழுதாக ஊதாமல் பாதியில் மூச்சுவிட்டு நின்றது. என் குழாயைப் போய்ப் பார்த்தேன், காய்ந்து கிடக்கிறது. கதவுக்கு எண்ணெய் போட்டு நாலு நாள்தான் ஆகிறது. குக்கர் என்னிடம் இல்லவே இல்லை. பின்பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும்.

எப்படியோ, கேட்கிறது. அதற்கு உனக்கு நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

---

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள், படித்து அழுதுவிட்டேன். வயதானால் கண் இப்படித்தான் தேவையில்லாமல் ஒழுகும்.

கிட்டத்தில் இருப்பது கேட்காமல் தூரத்தில் இருப்பது கேட்பது ஆரம்பத்தில் சகஜம்தானாம். பழகப் பழகச் சரியாகும். மழையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

குக்கர் விசில் பாதியில் நிற்கிறது என்று எழுதினீர்களே, படித்ததும் சிரிப்பு வந்தது. என் குக்கரும் அப்படித்தான், சோம்பேறி. உலகத்தில் பாதிக் குக்கர்கள் அப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது.

என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகள் வாராவாரம் ஃபோனில் "அம்மா, வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடு, இல்ல நல்ல முதியோர் ஹோமா பாக்குறேன்"னு ஆரம்பிக்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எத்தனை பேரைக் கட்டி மேய்த்தவள், என்னை ஒருத்தி கட்டி மேய்ப்பதா? நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். நன்றாகத்தானே இருக்கிறேன்.

தங்கை

---

பிப்ரவரி 15

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே குளிர் குறைந்துவிட்டது, முட்டிக்கு ஆறுதல். உன் முட்டி எப்படி?

தெருச் சத்தம் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பின்பக்கத்து வீடு தெளிவாகக் கேட்கிறது. கேட்பது தப்பு என்று தெரிகிறது. ஆனாலும் காதைக் கழற்ற மனம் வரவில்லை. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவன் அடுத்தவன் தட்டைப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது என் நிலைமை.

அந்த வீட்டில் ஒரு வயதான பெண் தனியாக இருக்கிறாள். இரும்புக் கால் வைத்த ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். டக் என்று ஊன்றும் சத்தம், அப்புறம் ஒரு பாதம் சர்ரென்று தரையில் இழுபடும் சத்தம். டக், சர்ர். சமையலறை வரை போவதற்குள் பல தடவை நிற்கிறாள். காலையில் உட்கார்ந்து எதையோ பிரிக்கிறாள், துணியில் ஒட்டிக்கொண்டது பிய்கிற சத்தம். பல்லைக் கடித்து மூச்சிழுக்கிறாள். நேற்று, "இன்னிக்கும் ஆறல"ன்னு சொன்னாள். பிறகு, "யாருக்குத் தெரியப் போவுது"ன்னும் சொன்னாள்.

அவளுக்கு ஏதோ காயம் ஆறாமல் இருக்கிறது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. தையல்காரரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே வீடே இல்லை. சுவர், அதற்கப்பால் பழைய மரக்கிடங்கு. தையல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இன்னொன்று. அந்தச் சத்தமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல இல்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கிறது. பதில் போடு.

அண்ணன்

---

மார்ச் 27

அண்ணாவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை இருந்தது.

அந்தக் கருவியைக் கழற்றி வையுங்கள். கடையில் விசாரித்தேன், சில காதுகளுக்கு ஒத்துக்கொள்ளாதாம், இல்லாததெல்லாம் கேட்குமாம். தையல்காரரிடம் அசடு வழிய வேண்டாம்.

என் முட்டி நன்றாக இருக்கிறது. மாலை நடையை விடவில்லை.

தங்கை

பி.கு: அந்தப் பெண் பக்கத்தில் வேறு யாராவது இருப்பதுபோலக் கேட்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

---

ஏப்ரல் 4

தங்கைக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. உன் நலம் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் நடந்துவந்தாள். டக், சர்ர். பாதியில் நின்றுவிட்டாள். கால் வரவில்லை. அழுதாள். அப்புறம் தன் காலைப் பார்த்துத் திட்டினாள்: "நட, தகரப் பூனை! நடன்னா நட!"

இந்த உலகத்தில் அந்த வசவு தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவன் இங்கே நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

நான் உன் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் இருக்கும்? காது போவதற்கு முன்னால் கேட்ட குரல் வேறு. உன் குரல் கிழவியாகிவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாசக்கணக்காக உன்னையே ஒட்டுக்கேட்டுக்கொண்டு, யாரோ பாவம் என்று பரிதாபப்பட்டிருக்கிறேன்.

இது எப்படி என்று என்னைக் கேட்காதே. பயமாகத்தான் இருக்கிறது. கருவியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கிறேன், பிளாஸ்டிக். மறுபடி போட்டால் உன் குழாய் சொட்டுகிறது. ஆனால் பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரைக்காரிக்குக் காலில் ஆறாத புண் என்றால் என்ன என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்தத் துணிகளைத் துவைத்தவள் நீ.

தையல்காரரை விட்டு நேற்று உனக்கு ஃபோன் போடச் சொன்னேன். "நான் நல்லா இருக்கேன், வாக்கிங் போயிட்டு இப்பதான் வந்தேன்"னு சொன்னாயாம். நீ ஃபோனை வைத்த பிறகு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியதையும் கேட்டேன். உன் மகளுக்கும் ஃபோன் போடச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் வந்து நிற்பாள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

உன் பி.கு.வுக்குப் பதில். ஆமாம். யாரோ இருக்கிறார்கள். பேச்சு இல்லை. மூச்சும் இல்லை. நீ வந்து உட்காரும்போதெல்லாம், ரொம்பக் கிட்டத்தில், மரத்தின்மேல் மெட்டல் படுவதுபோல இரண்டு தட்டு. டொக் டொக். உன் கை எட்டும் தூரத்தில்.

அண்ணன்

---

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், இப்போது என் வரிகளும் மலையேறும். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா முட்டி வரைக்கும் போயிருக்கும்மா"ன்னு டாக்டர் சொன்னார். மகள் மூக்கைச் சிந்திச் சிந்தித் திட்டுகிறாள். உங்களைத் திட்ட நினைத்தேன், முடியவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அந்தக் கருவியை நான் கடையில் வாங்கவில்லை. அது என் வீட்டுக்காரருடையது, உங்கள் மாப்பிள்ளையுடையது. கடைசி வருஷம் அவர் இரண்டு காதிலும் போட்டிருந்தார். செத்தவர் பொருள் என்றால் போட்டுக்கொள்ள மாட்டீர்கள் என்று புதுப் பெட்டி தேடி அதில் வைத்து அனுப்பினேன். இடது காதுக்கு மட்டும் என்று சொன்னதும் அதனால்தான். வலது காதில் இருந்தது அவரோடு போய்விட்டது. கழற்ற மறந்துவிட்டேன். எடுத்துக்கொண்டு போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்த இரண்டு தட்டு. அண்ணா, அதைப் படித்ததும் என் கையிலிருந்து கடிதம் விழுந்துவிட்டது. பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தி எஞ்சினை அணைத்ததும், விரல் மோதிரத்தால் ஸ்டியரிங்கில் இரண்டு தட்டுத் தட்டுவார். வந்து சேர்ந்தாச்சு என்று அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கே போய் உட்கார்ந்தாலும் நாற்காலிக் கையில் இரண்டு தட்டு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. அவர் போன பிறகு இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். ஒரு நிழலைப் பார்த்ததில்லை, ஒரு சத்தம் கேட்டதில்லை. காலி வீட்டில் தனியாகக் கிடக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியவில்லை, எங்கோ இருக்கிற உங்களுக்குக் கேட்கிறது. இது என்ன நியாயம்?

இப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் இங்கே வார்டில். அவர் அங்கே தனியாக இருப்பாரோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

தங்கை

---

மே 8

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு விரலோடு போயிற்றே, அதுவே பெரிய நிம்மதி. மருந்தை ஒழுங்காகப் போடு. மகள் திட்டினால் கேட்டுக்கொள், நீ வாங்க வேண்டிய திட்டுதான்.

உன் பொய் எனக்குப் பெட்டியைத் திறந்த அன்றே தெரியும். புதுப் பாட்டில் எது, கழுவி வந்த பாட்டில் எது என்று பார்த்தே வயதானவனிடம் புதுப் பெட்டியைக் காட்டுகிறாய். ஓரத்தில் தேய்மானம் இருந்தது. மாப்பிள்ளையுடையது என்று தெரிந்துதான் போட்டுக்கொண்டேன். அந்த மனுஷன் மேல் எனக்கு என்ன அருவருப்பு?

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன் வீட்டுக் குழாய்ச் சத்தம் ஏப்ரல் முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. கதவு இல்லை, குக்கர் இல்லை. அதற்குப் பதிலாகத் தள்ளுவண்டிச் சக்கரம் கேட்டது, ஒன்று மட்டும் கீச்சிடும். "சுகர் பாக்கணும், விரல நீட்டுங்க"ன்னு ஒரு பெண் குரல். பக்கத்துக் கட்டிலில் யாரோ தூக்கத்தில் பஸ் நம்பராகச் சொல்கிறார்கள். நீ சாப்பாட்டைத் தள்ளி வைத்த தட்டுச் சத்தம். இதெல்லாம் சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன்னை மயக்க மருந்து கொடுத்துக் கொண்டுவந்து படுக்க வைத்த அன்று, ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. நான் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் டொக் டொக். இந்தத் தடவை மரத்தில் இல்லை, இரும்பில். கட்டில் கம்பியாக இருக்கும்.

அவர் வீட்டில் இல்லையம்மா. நீ இருக்கிற இடத்தில் இருக்கிறார். அதனால் வீட்டைக் கட்டிக்கொண்டு அழாதே. தையல்காரர் கடைக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, படி ஏற வேண்டாம். ஹோமுக்கும் போக வேண்டாம், மகளுக்குப் பாரமாகவும் இருக்க வேண்டாம். இங்கே வந்துவிடு.

அண்ணன்

---

மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். புண் காய்ந்துவருகிறது. நீங்கள் மறந்துபோகாமல் பிரஷர் பார்க்கிறீர்களா?

கீச்சிடும் சக்கரம் சரி. பக்கத்துக் கட்டில் அம்மாள் பஸ் நம்பர் சொன்னதும் சரி. கட்டில் கம்பியை நான் நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் அறைக்கு வர ஆசைதான். ஆனால் ஒரு பயம். ஆஸ்பத்திரி இங்கிருந்து கூப்பிடு தூரம், வந்துவிட்டார். ரயிலில் ராத்திரி முழுக்கப் போய், தெரியாத ஊரில், தெரியாத அறையில் வந்து உட்காருவாரா? மனுஷனுக்கு ஓட்டின வழிதான் தெரியும். புது வழி என்றால் தடுமாறுவார்.

நேற்று அவர் நாற்காலியைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். "நான் அண்ணன்கிட்ட போகட்டுமா? நீங்களும் வருவீங்களா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். எனக்குக் கேட்காது என்று தெரிந்தும் காத்திருந்தேன். உங்களுக்கு என்ன கேட்டது?

இன்னொன்றும் நெருடுகிறது. அவருக்கு வாராவாரம் பாட்டரி தீர்ந்துபோகும். நான் அனுப்பிய அட்டையில் ஆறுதான் இருந்தது. நீங்கள் ஒருதடவைகூடப் பாட்டரி கேட்டு எழுதவில்லையே?

தங்கை

---

ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

பிரஷர் இன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ கேட்ட கேள்வி காதில் விழுந்தது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அதற்குப் பிறகு நாற்காலிப் பக்கம் ஒன்றும் இல்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை, பதில் வரவில்லை.

பாட்டரி நீ சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் முதல்நாள் போட்டது அப்படியே இருக்கிறது. நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காதுக்கருவிக் கடைக்குப் போனேன். கடைப் பெண் கருவியைத் திறந்து பார்த்தாள், சிரித்தாள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அந்த ஆரஞ்சு லேபிள், லேபிள் இல்லையாம். அதைப் பிரித்தால்தான் காற்றுப் பட்டு பாட்டரிக்கு உயிர் வருமாம். பிரிக்காத வரை அது வெறும் தகரப் பொத்தான்தான். கடைசியாக எழுதினாள்: "ஐயா, இது ஒருநாள்கூட வேலை செஞ்சிருக்காது."

ஜனவரியிலிருந்து நான் காதில் வைத்திருந்தது செத்த பிளாஸ்டிக். அதில்தான் உன் வீடு கேட்டது.

அவள் லேபிளைப் பிரிக்க நகத்தை வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், பயந்துவிட்டாள். அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உண்மையெல்லாம் சொல்லிவிடுகிறேன். மேசைக்கால் ஆடவில்லை. ஆடுவது என் கை. ஒரு வருஷமாக ஆடுகிறது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். இன்னொன்று, கடையிலிருந்து திரும்பும்போது உன் நடைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். பின்னால் வந்த லாரி எனக்குக் கேட்கவில்லை. தையல்காரர் பாய்ந்துவந்து காலரைப் பிடித்து இழுத்தார், சட்டை கிழிந்ததோடு போயிற்று. பிரஷர் ஏறியது அதனால்தான்.

பிரித்தால் எனக்கு இந்தத் தெரு கேட்கும். ஆனால் உன் வீடு கேட்காமல் போய்விடும் என்று தோன்றுகிறது. மாப்பிள்ளையும் போய்விடுவார். என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன்.

அண்ணன்

---

ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் என் குரலைக் கேட்கிறீர்கள் என்பதால் இதை எழுதும்போதே உரக்கப் படிக்கிறேன்.

பிரித்துவிடுங்கள்.

இரண்டு நாள் அழுதுவிட்டுத்தான் சொல்கிறேன். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் படிப்பது எனக்கு எவ்வளவு பெரிய சுகம் தெரியுமா? பிரித்துவிட்டால் மறுபடி எனக்கு வெறும் நாற்காலிதான். இருந்தாலும் போனவர் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு, இருக்கிற உங்களை லாரிக்கு முன்னால் நிறுத்த முடியாது. இருக்கிற ஒரே அண்ணனும் போய்விட்டால் நான் யாரைத் தகரப் பூனை என்று திட்டுவேன்?

இந்த மாசம் 28ஆம் தேதி புறப்படுகிறேன். மகள் ரயிலேற்றிவிடுகிறாள். இறங்குகிற இடத்தில் நீங்களும் தையல்காரரும் வந்து நில்லுங்கள், வாக்கர் இருக்கிறது, பெட்டி தூக்க முடியாது. நான் வந்து பேசும்போது உங்களுக்கு என் வாய் கேட்க வேண்டும், வீடு கேட்கக் கூடாது. கை நடுக்க மாத்திரையை எந்த வேளைக்கு என்ன என்று இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன். என் காலை நீங்கள் பாருங்கள்.

வீட்டைப் பூட்டும்போது அவரிடம் வழியைச் சொல்லிவிட்டு வருகிறேன். எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும், தையல்கடைக்குப் பின்னால் அறை என்று எல்லாம் சொல்கிறேன். வந்தால் வரட்டும். வராவிட்டால் என்ன செய்வது, வராததுதான். இத்தனை நாள் தனியாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தவள்தானே நான்.

தங்கை

---

ஜூன் 18

அன்புள்ள வாயாடிக்கு,

பிரஷர் இறங்கிவிட்டது. உன் கால் காய்ந்ததா? இந்தக் கடிதம் நீ புறப்படுவதற்குள் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நேற்று காலை பிரித்தேன். அதற்கு முன்னால் கடைசியாக ஒருதடவை கேட்டேன். நீ அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாய். அந்த டொக் டொக் இல்லை. நாற்காலிப் பக்கம் ரொம்ப அமைதியாக இருந்தது, யாரும் இல்லாத அமைதி. கை ஆடுவதால் என்னால் பிரிக்க முடியவில்லை, தையல்காரர்தான் ஊசிமுனையால் லேபிளை எடுத்தார். காற்றுப் படட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்து காதில் போட்டேன்.

உன் வீடு போய்விட்டது. அந்த இடத்தில் என் தெரு வந்து விழுந்தது. பஸ் ஹார்ன், காக்கா, கீழே தையல் மெஷின், தலைக்கு மேல் ஃபேன். என் ஃபேன் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. தையல்காரர், "கேக்குதாண்ணே?"ன்னார். அவர் குரல் இத்தனை மெல்லியது என்றும் எனக்குத் தெரியாது. நான் குழந்தை மாதிரி அழுதேன். அவர் சங்கடப்பட்டுக் கீழே போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு உனக்கு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பேனா காகிதத்தில் கீறும் சத்தம்கூடக் கேட்டது. இந்தக் கருவி பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் கேட்கும், தூரத்தில் இருப்பது எதுவும் இனிக் கேட்காது என்று கடைப் பெண் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை உனக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பின்னால், கீழே உன் அறையில் போட வாங்கி இப்போதைக்கு இங்கே வைத்திருக்கிற நாற்காலியின் கையில், டொக் டொக்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எழுந்து ஓடலாம்போல இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்ல வேண்டாமா? "வாங்க மாப்பிள்ள"ன்னேன். என் குரல் எனக்கே கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

நீ பயப்படாமல் புறப்பட்டு வா. வழி சொல்ல வேண்டிய வேலை உனக்கு இல்லை. மனுஷன் முன்னாடியே வந்து உனக்கு இடம் பிடித்துவிட்டார்.

ரயிலில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறு.

அண்ணன்